ஏற்றத்தில் எஞ்சினுக்கு மூச்சு கொடுப்பது யார்? டர்போ, சுப்பர்சார்ஜர், எமது மலைநாடு



ஹந்தானைப் பக்கம் கெப் வாகனம் வைத்துத் தொழில் செய்யும் எமது இளைஞர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "ஏற்றத்தில் இழுவை போதாது. டர்போ பூட்டுவதா, சுப்பர்சார்ஜர் பூட்டுவதா?"

இந்தக் கேள்வி சும்மா வந்ததல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடையில் 2022இல் எரிபொருள் வரிசையும் கியூஆர் கோட்டாவும் வந்தன. பழைய கெப்பின் விலையே கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. ஆகவே "புதியது வாங்க வழியில்லை, இருப்பதையே பலப்படுத்துவோம்" என்று பலர் நினைக்கிறார்கள். மரக்கறி ஏற்றுகிறவருக்கும் கோழித் தீவனம் ஏற்றுகிறவருக்கும் அந்த வாகனம்தான் வீட்டு அடுப்பு. அதில் தவறான பொருளைப் பூட்டி எஞ்சின் உடைந்தால் முழுக் குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும். அதனால் இந்த இரண்டு பொருட்களும் எங்கிருந்து வந்தன, எமது மலையில் அவை எப்படி வேலை செய்தன என்ற வரலாற்றைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம். விடை அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

*துருத்தியில் தொடங்கிய கதை*

கொல்லன் துருத்தியை மிதித்தால் கரி வெண்மையாக எரியும். மிதிப்பதை நிறுத்தினால் சிவந்து மங்கும். கரி அதேதான், காற்று மட்டும் கூடிக் குறைகிறது. எஞ்சினும் அப்படித்தான். டீசலை எவ்வளவு தெளித்தாலும் அதை எரிக்கப் போதிய காற்று இல்லாவிட்டால் வெளியே வருவது வலு அல்ல, கரும்புகை.

காற்றைப் பலமாகக் கொடுத்து நெருப்பைப் பலமாக்கும் வித்தை எமது தீவுக்குப் புதிதல்ல. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ பகுதியில் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் 1990களில் ஆராயப்பட்டன. அங்கே துருத்தி மிதிக்க ஆள் இல்லை. மலைச்சரிவில் காற்றுக்கு எதிர்முகமாக உலையைக் கட்டி, தென்மேல் பருவக்காற்றையே உள்ளே பாய வைத்தார்கள். ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அதே மாதிரி உலை கட்டி 1994இல் எரித்துப் பார்த்தார். உயர்ந்த கரிமம் கொண்ட உருக்கு கிடைத்தது. அவரது கட்டுரை 1996இல் 'நேச்சர்' இதழில் வந்தது.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் 'சரந்தீபி' உருக்கைப் பற்றிக் குறிப்பிடுகிறார். சரந்தீப் என்பது எமது நாடு. சும்மா போகும் காற்றைப் பிடித்து வேலை வாங்கிய அந்த மலைவாசிகளின் எண்ணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டர்போ வரும் இடத்தில் அது மீண்டும் தேவைப்படும்.

*1867இல் கண்டிக்கு வந்த மூச்சு*

1867 எமது பிரதேசத்துக்கு முக்கியமான வருடம். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும் அந்த வருடம்தான், கண்டிக்குப் புகையிரதம் வந்ததும் அந்த வருடம்தான். பின்னர் பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் போனது. 44 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏற வேண்டிய சரிவுகள் அந்தப் பாதையில் உண்டு.

நீராவி எஞ்சினின் "குப்... குப்..." சத்தத்தை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்தச் சத்தத்துக்குள் ஒரு தந்திரம் இருந்தது. சிலிண்டரில் வேலை முடித்த கழிவு நீராவியை நேராகப் புகைபோக்கி வழியாக மேலே பீய்ச்சுவார்கள். அது போகும் வேகத்தில் நெருப்புப் பெட்டிக்குள் புதுக்காற்று இழுபடும். ஏற்றத்தில் எஞ்சின் எவ்வளவு பாடுபடுகிறதோ அவ்வளவு நீராவி வெளியேறும். அவ்வளவுக்கு நெருப்பும் பலமாக எரியும். கழிவைக் கொண்டே மூச்சு வாங்குவது என்ற கொள்கை கடுகண்ணாவை ஏற்றத்தில் 1867 முதலே வேலை செய்திருக்கிறது.

*இரண்டு வழிகள் பிறந்த விதம்*

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் ஒரு காற்று ஊதிக்குக் காப்புரிமை பெற்றார்கள். எட்டு வடிவில் இரண்டு சுழலிகள் ஒன்றோடொன்று முட்டாமல் சுழன்று காற்றைத் தள்ளும். உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊத அது பயன்பட்டது. மோட்டார் எஞ்சின் பிறந்த காலத்தில், 1885இல், கொட்லிப் டைம்லர் எஞ்சினுக்குள் பம்பினால் காற்றைத் தள்ளும் முறைக்கு ஜேர்மனியில் காப்புரிமை எடுத்தார். 1921இல் மெர்சிடிஸ் நிறுவனம் சுப்பர்சார்ஜர் பூட்டிய கார்களைக் காட்சிக்கு வைத்தது. சில பழைய பென்ஸ் கார்களின் பின்னால் 'கொம்பிரசர்' என்று எழுதியிருப்பதைக் கண்டிப் பாதைகளில் பார்த்திருப்பீர்கள். அது சுப்பர்சார்ஜரைத்தான் குறிக்கிறது.

சுப்பர்சார்ஜரின் காற்று ஊதியைச் சுழற்றுவது எஞ்சினே. பெல்ட் அல்லது கியர் மூலம் எஞ்சினின் சொந்த வலுவில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது வழியைக் காட்டியவர் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூகி. எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடாகச் சைலன்சர் வழியே வீணாகப் போகிறது என்பது அவரை உறுத்தியது. போகும் புகையினால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் புதுக்காற்றை அழுத்தினால் என்ன? 1905இல் காப்புரிமை எடுத்தார். நடைமுறைக்கு வர இருபது வருடம் பிடித்தது. 1920களின் நடுப்பகுதியில் இரண்டு ஜேர்மன் கப்பல்களில் 1,750 குதிரைவலு கொண்ட டீசல் எஞ்சின்கள் அவரது முறையால் 2,500 குதிரைவலு கொடுத்தன. சமனலவெவ மக்கள் சும்மா போன காற்றைப் பிடித்தார்கள் அல்லவா, பூகி சும்மா போன புகையைப் பிடித்தார்.

*மலை நடத்திய பரீட்சை*

உயரம் கூடக்கூடக் காற்றின் அமுக்கம் குறையும் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 அடி. எமது புகையிரதப் பாதையின் மிக உயர்ந்த நிலையமான பட்டிப்பொல 6,226 அடி. அங்கே காற்றமுக்கம் கடற்கரையை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் நன்றாக இழுக்கும் சாதாரண எஞ்சின் நுவரெலியாப் பக்கம் போனால் சோர்வதற்கு இதுதான் காரணம்.

இதை எண்ணிக்கையாகக் காட்டியவர் அமெரிக்கப் பொறியியலாளர் சான்ஃபோர்ட் மோஸ். முதலாம் உலகப் போரின் இறுதியில், 1918இல், ஒரு விமான எஞ்சினை லொறியில் ஏற்றி 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டு போனார். சமவெளியில் 350 குதிரைவலு கொடுத்த அந்த எஞ்சின், உச்சியில் 230 மட்டுமே கொடுத்தது. டர்போவைப் பூட்டியதும் 356 கொடுத்தது. மலை பறித்ததை டர்போ திருப்பிக் கொடுத்துவிட்டது.

காரணம் இதுதான். சுப்பர்சார்ஜர் எஞ்சினோடு கட்டப்பட்டது. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் அதுவும் குறிப்பிட்ட அளவு மட்டுமே சுற்றும். மெல்லிய காற்றென்றால் மெல்லிய காற்றையே அந்த அளவுக்குத் தள்ளும். டர்போ அப்படிக் கட்டப்பட்டதல்ல. வெளியே அமுக்கம் குறைந்தால் அது இன்னும் வேகமாகச் சுழன்று குறையை ஈடு செய்ய முயலும். ஆனால் டர்போவுக்கு ஒரு பலவீனம் உண்டு. புகை வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு, ஆகவே காற்றும் குறைவு. எக்சிலரேட்டரை மிதித்து ஒரு நொடி கழித்துத்தான் அது விழிக்கும். சுப்பர்சார்ஜருக்கு அந்தத் தாமதம் இல்லை.

*எமது பாதையில் ஓடிய இரண்டும்*

இந்த இரண்டு வழிகளையும் பார்க்க வெளிநாடு போகத் தேவையில்லை. எமது தண்டவாளத்திலேயே இரண்டும் ஓடின.

1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய மாநாட்டில் பிறந்ததுதான் கொழும்புத் திட்டம். அதன் கீழ் கனடா 1954இல் எமக்கு டீசல் எஞ்சின்களைத் தந்தது. எம்2 வகை, 1,425 குதிரைவலு. 'ஒன்டாரியோ', 'அல்பேர்ட்டா', 'மனிடோபா' என்று கனேடிய மாகாணப் பெயர்களைத் தாங்கி வந்ததால் மக்கள் அவற்றைக் 'கனடா எஞ்சின்' என்றார்கள். நீராவியிலிருந்து டீசலுக்கு எமது புகையிரதத்தை மாற்றிய பொறியியலாளர் பி. டி. ரம்பாலவின் காலம் அது.

எம்2 எஞ்சின் இரண்டு-ஸ்ட்ரோக் டீசல். அதற்குத் தானாகக் காற்றை இழுக்கும் ஸ்ட்ரோக் கிடையாது. யாராவது தள்ளிக் கொடுக்க வேண்டும். தள்ளிக் கொடுப்பது ரூட்ஸ் ஊதி. 1860இல் பிறந்த அதே கொள்கைதான். எரிந்த புகையை வெளியே தள்ளிப் புதுக்காற்றை நிரப்புவதே அங்கே அதன் பிரதான வேலை. எஞ்சினின் வலுவில் ஒரு பங்கைத் தின்றாலும், முதல் சுற்றிலிருந்தே அது மூச்சு கொடுக்கும்.

1975இல் கனடாவின் மொன்றியலிலிருந்து எம்4 வந்தது. 1,750 குதிரைவலு, நான்கு-ஸ்ட்ரோக், டர்போ பூட்டியது. நிலையத்திலிருந்து புறப்படும்போது இந்த வகை எஞ்சின்கள் கருமையாகப் புகை தள்ளும். டீசல் உடனே வந்துவிடுகிறது, டர்போவின் காற்று கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. அதன் அடையாளமே அந்தப் புகை. வேகம் பிடித்த பிறகு புகை அடங்கிவிடும். 1996இல் இந்தியாவின் வாரணாசியிலிருந்து வந்த 2,800 குதிரைவலு எம்8 எஞ்சின்களும் இதே குடும்பம்.

1979இல் மேற்கு ஜேர்மனியில் கட்டிய எம்6 வந்தது. 1,650 குதிரைவலு, மீண்டும் இரண்டு-ஸ்ட்ரோக், மீண்டும் ரூட்ஸ் ஊதி. மலைநாட்டுப் பாதையில் நாம் அதிகம் கண்ட எஞ்சின்களில் இதுவும் ஒன்று. குதிரைவலுவில் கூடிய எம்8 இருக்க, குறைந்த எம்6 ஏன் மலை ஏறுகிறது? வளைவுகளில் திரும்பும் சக்கர அமைப்பு, தண்டவாளம் தாங்கும் சுமை, மெதுவான வேகத்தில் நிலையான இழுவை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மலைக்கு எஞ்சின் தெரிவு செய்யப்படும். காற்று ஊதும் முறை அதில் ஒரு பகுதிதான். எம்2, எம்6 ஆகியவற்றின் எஞ்சின்களை வடிவமைத்த அதே அமெரிக்க நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் தன் பெரிய எஞ்சின்களுக்கு டர்போ பூட்டியது. அங்கேயும் அது முழுக்கப் புகையை நம்பவில்லை. புறப்படும்போது கியரினால் சுழலும், புகை போதுமான பிறகு கியரை விட்டுவிடும். இரண்டு வழிக்கும் அதனதன் நேரம் உண்டு என்று அந்தப் பொறியியலாளர்களே ஒத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2004 சுனாமியில் பெரலியவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு அலையில் அடிபட்ட ரயிலை இழுத்துச் சென்றது 'மனிடோபா'. அந்த எஞ்சின் திருத்தப்பட்டு மீண்டும் பாதைக்கு வந்தது. 1950களின் எஞ்சின் இந்த நூற்றாண்டிலும் ஓடியதற்குக் காரணம் அதன் காற்று ஊதி அல்ல. அதைக் கழற்றவும் பூட்டவும் தெரிந்த கைகள் இந்த நாட்டிலேயே இருந்தன, அதுதான் காரணம்.

*கெப் வாகனத்துக்கு வந்த கதை*

சுவிட்சர்லாந்தின் சாவ்ரர் நிறுவனம் 1938இல் லொறிக்கு டர்போ டீசல் எஞ்சின் செய்தது. வொல்வோ 1954இல் செய்தது. டீசல் கார் ஒன்றில் டர்போ பரவலாக விற்பனைக்கு வந்தது 1978இல், பென்ஸ் 300எஸ்டியில். அதன் பிறகு டீசலும் டர்போவும் பிரியாத சோடியாகிவிட்டன. இன்று வரும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ், எல்200, ரேஞ்சர், நவரா டீசல் கெப்கள் எல்லாமே கம்பனியிலேயே டர்போவோடு வருகின்றன. சிறகுகளின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் நவீன டர்போ வந்ததால் பழைய தாமதமும் பெருமளவு குறைந்துவிட்டது.

சுப்பர்சார்ஜர் பூட்டிய கெப்பும் இருந்தது. 1999 முதல் 2004 வரை அமெரிக்காவில் ஃபோர்ட் எஃப்-150 லைட்னிங் விற்பனையானது. 2008இல் அவுஸ்திரேலியாவில் டொயோட்டாவே ஹைலக்ஸின் 4 லீற்றர் பெற்றோல் எஞ்சினுக்குச் சுப்பர்சார்ஜர் பூட்டி டிஆர்டி என்ற பெயரில் விற்றது. அது நீண்ட நாள் நிலைக்கவில்லை. இரண்டும் பெரிய பெற்றோல் எஞ்சின், வேகத்தை விரும்புகிறவர்களுக்கான வாகனம், எரிபொருள் செலவைப் பார்க்காதவர்களின் தெரிவு. அதே ஃபோர்ட் நிறுவனம் சுமை இழுக்கும் சாதாரண எஃப்-150 வாடிக்கையாளருக்கு 2011இல் கொடுத்தது இரண்டு டர்போ பூட்டிய எஞ்சினை. 'கொம்பிரசர்' என்று எழுதி விற்ற பென்ஸ் நிறுவனமும் பின்னர் அந்தக் கார்களில் டர்போவுக்கு மாறியது.

*ஆகவே எதைத் தெரிவு செய்வது?*

எமது மலையில், டீசல் கெப்பில், சுமை ஏற்றிப் பிழைக்கிறவருக்கு டர்போதான் பொருத்தம். உயரத்தில் குறையும் காற்றை அது ஈடு செய்கிறது. வீணாகும் புகையிலிருந்து வேலை வாங்குவதால் டீசல் விரயமும் குறைவு. எமது பாஸ்மாருக்குப் பழக்கமான பொருள். உதிரிப்பாகமும் கிடைக்கும்.

ஆனால் "டர்போ பொருத்தம்" என்பதற்கு, டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஒரு டர்போவை வாங்கிப் பூட்டுங்கள் என்று அர்த்தமில்லை. கம்பனி ஓர் எஞ்சினை டர்போவுக்காகச் செய்யும்போது பிஸ்டன், ஒயில் போகும் வழி, குளிரூட்டல், டீசல் அளவு, கிளச் எல்லாவற்றையும் அந்த அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ற மாதிரிக் கணக்குப் பார்க்கிறது. பூகிக்கு இருபது வருடம் பிடித்த வேலையை ஒரு பின்னேரத்தில் கராஜில் செய்ய முடியாது. அப்படிப் பூட்டினால் முதல் மாதம் பறக்கும். பிறகு ஹெட் கேஸ்கட் போகும், அல்லது பிஸ்டன் உருகும். மாற்றத்தான் வேண்டுமென்றால் டர்போவோடு பிறந்த எஞ்சின் உள்ள வாகனத்துக்கு மாறுவதே கணக்குக்குச் சரி.

அதற்கு முன் இழுவை ஏன் போனது என்று பாருங்கள். எயார் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டர்போவிலிருந்து வரும் ஹோஸ் பைப்பில் வெடிப்பு இருக்கலாம். இன்ஜெக்டர் தேய்ந்திருக்கலாம், கிளச் வழுக்கலாம், பெரிய டயர் போட்டிருக்கலாம். ஒரு சில ஆயிரத்தில் முடியும் வேலைக்குப் பல இலட்சத்தைக் கொட்டுவது வீண்விரயம்.

டர்போ உள்ளவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அதன் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் போகும். அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. ஒயில் மாற்றும் தவணையைப் பிந்த விடாதீர்கள். சுமையோடு ஏற்றம் ஏறி வந்து உடனே சாவியைத் திருப்பி நிறுத்தினால், சூடான அச்சில் ஒயில் நின்று கருகிப் படியும். ஒரு நிமிடம் சும்மா ஓட விட்டு நிறுத்துங்கள்.

கடைசியாக, ஏறும் வலுவைப் பற்றி இவ்வளவு பேசினோம். இறங்கும்போது டர்போவும் உதவாது, சுப்பர்சார்ஜரும் உதவாது. பிரேக்கும் கியரும்தான் உதவும். ஹந்தானை வளைவுகளில் பாடசாலைப் பிள்ளைகள் நடக்கிறார்கள், தோட்டத்துத் தாய்மார் கொழுந்துக் கூடையோடு நடக்கிறார்கள். வண்டி உங்களுடையதாக இருக்கலாம், பாதையில் போகிறவர்களின் உயிர் உங்களிடம் உள்ள அமானிதம். வலுவைக் கூட்டக் காசு ஒதுக்குகிற எவரும் முதலில் பிரேக்குக்கு ஒதுக்கட்டும்.

உங்கள் வாப்பாமாரோ அப்பாமாரோ இந்த மலையில் லொறி ஓட்டியிருந்தால், புகையிரதத்தில் வேலை செய்திருந்தால், அந்த எஞ்சின்களைப் பற்றி அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். கராஜ் வைத்திருக்கும் நானாமாரும் எழுதுங்கள். எந்த வாகனத்தில் டர்போ அடிக்கடி போகிறது, எதனால் போகிறது என்று நீங்கள் சொன்னால், அடுத்த வாகனம் வாங்கப் போகும் ஒரு பிள்ளைக்கு அது பெரிய உதவி.